எருமைப் பாலும் நாற்பத்தெட்டுக் கிலோவும்

அன்று எடை பார்க்கும் மேசைக்கு முன்னால் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா இருந்தார். அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, இருந்தார். எருமைக் கொட்டகைக்காரர் பால் கேனை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கட்கியிலிருந்து அவ்வளவு தூரம் வந்திருந்தார். தாலிம் என்கிற நம் குஸ்திக் கூடத்தில் என்னோடு மண்ணில் புரண்டு பழகிய நீங்கள் ஐந்து பேரும் இருந்தீர்கள். இல்லாதவர்கள் இரண்டு பேர். அம்மா இல்லை, ஆபீசர் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. நமக்குக் குஸ்தி சொல்லித்தந்த வஸ்தாத் இல்லை. பெரிய பயில்வான்களைக் கூட்டிக்கொண்டு சாத்தாரா பக்கம் ஒரு திருவிழாக் குஸ்திக்குப் போயிருந்தார்.

இல்லாத இருவரும் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதை இன்றுவரை சரியாகச் சொல்கிறார்கள். கண்ணால் பார்த்த நீங்கள்தான் மாற்றிச் சொல்கிறீர்கள்.

போன வாரம் நம் வாட்ஸாப் குழுவில் ஒருவன் பழைய போட்டோவைப் போட்டான். ஆறு பேரும் லங்கோட்டில், உடம்பெல்லாம் செம்மண்ணோடு நிற்கிறோம். அதற்குக் கீழே, அன்றைக்கு அந்த ஒரு மூடிப் பாலைக் குடித்திருந்தால் இவன் இன்றைக்குப் பெரிய பயில்வான் என்று எழுதியிருந்தான். மற்ற எல்லோரும் சிரித்த முகம் போட்டீர்கள். சிரியுங்கள். நான் பதிலைத் தமிழில் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். இந்த எழுத்து கோவிலில் நடந்த ஞாயிறு வகுப்பில் கற்றது. உங்களில் தமிழ் வீட்டுக்காரர்கள் இருவர் எழுத்துக்கூட்டியாவது வாசித்து, மற்ற மூவருக்கும் இந்தியில் சொல்லிவிடுங்கள். நான் குடிக்கவில்லை. இன்றும் குடிப்பதில்லை. அதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

நாமெல்லாம் முப்பதைத் தாண்டிவிட்டோம். உங்களில் இருவருக்குத் தொப்பை. எனக்குப் படியேறினால் இடது முழங்கால் சத்தம் போடுகிறது. இனிமேல் யாரும் யாரையும் கீழே போடப் போவதில்லை. அதனால் உண்மையைப் பேசலாம்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. நாம் படித்த இலவசப் பள்ளி எட்டோடு முடிந்துவிடும். அதற்கு மேல் கட்டணம் கட்டிப் படிக்க வேண்டும். அப்பா கிடங்கில் மூட்டை தூக்கினார். மாமா போசரியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். எட்டு முடிந்ததும் என்னைத் தன் பக்கத்து மெஷினில் நிறுத்திக்கொள்வதாக முதலாளியிடம் பேசியும் வைத்திருந்தார். அதில் அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எங்கள் சாதிசனத்தில் மெஷினைத் தொட்ட முதல் ஆள் அவர். மூட்டையிலிருந்து மெஷினுக்குப் போவதே அவருக்குப் பெரிய ஏற்றம். எனக்கு லேத்தின் மேல் கோபம் இல்லை. ஒன்பதாவது படிக்க வேண்டும், பத்தாவது படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு ஒரே வழியாகத் தெரிந்தது விளையாட்டு விடுதி. குஸ்தியில் தேர்வானால் தங்க இடம், சாப்பாடு, பன்னிரண்டாவது வரை படிப்பு, எல்லாம் அரசாங்கச் செலவு. ஒவ்வொரு எடைப் பிரிவிலும் இரண்டு பையன்களை எடுப்பார்கள். அதற்கு முந்தின வருடமே மாமா ஒரு நாள் லீவு போட்டு அந்தத் தேர்வைப் போய்ப் பார்த்து வந்திருந்தார். வந்து, எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, விரலை நீட்டிக் கணக்குச் சொன்னார்.

"நாப்பத்திநாலு கிலோவுல வரிசை கேட்ட தாண்டி நிக்குது மாப்ள. நாப்பத்தெட்டுல மொத்தமே நாலு பசங்க. நாலு பேர்ல ரெண்டு பேர எடுக்கிறான். தூங்கிக்கினே போனாலும் பாதி சான்ஸு."

அப்பாவுக்கு அது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. அம்மாவுக்கும் அப்படித்தான். எனக்கும் அப்படித்தான், பொய் சொல்ல மாட்டேன். நாற்பத்தெட்டில் நிற்கும் பையன் ஏன் நாற்பத்தெட்டு இருக்கிறான், அவன் எலும்பு எப்படிப்பட்டது என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. நாங்கள் ரேஷன் கடை, தண்ணீர்க் குழாய், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் வரிசையில் நின்று பழகிய குடும்பம். குட்டி வரிசையைப் பார்த்தால் அதில் போய் நின்றுகொள்வதுதான் எங்களுக்குத் தெரிந்த புத்திசாலித்தனம்.

நான் அப்போது நாற்பத்திரண்டு கிலோ. நாற்பத்து நான்கைத் தாண்டினால்தான் நாற்பத்தெட்டுப் பிரிவில் எழுதுவார்கள். தீபாவளி கழிந்து தேர்வு. அதற்குள் இரண்டு கிலோவுக்கு மேல் ஏற வேண்டும். என்ன செய்ய என்று வஸ்தாதிடம் கேட்டதற்கு அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: பால். காலையில் ஒரு லிட்டர், மாலையில் ஒரு லிட்டர், எருமைப் பால், காய்ச்சாமல்.

தாலிமில் பாலைப் பற்றி எதிர்ப்பேச்சு கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். குஸ்தி மண்ணுக்கே அங்கே மோர் ஊற்றுவார்கள். செம்மண்ணில் மோரும் எண்ணெயும் மஞ்சளும் கலந்து, மண்வெட்டியால் நாம் ஆறு பேரும் விடியற்காலையில் கொத்திப் புரட்டுவோமே, அந்தப் புளித்த வாசனை இப்போதும் எனக்கு எங்காவது மழை பெய்தால் வருகிறது. தண்டால், பஸ்கி, கயிறு ஏறுவது, பிறகு ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஓட்டம். எல்லாம் முடிந்து மண்ணை வழித்துப் போட்டுவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போவீர்கள். நான் ரயில் பாதையைத் தாண்டி, ஆற்றோரம் இருந்த எருமைக் கொட்டகைக்குப் போவேன்.

இப்போது அந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். அன்று இருபது எருமைகள் சாணிச் சகதியில் நிற்கும். கொட்டகைக்காரர் என்னிடம் ஒரு பித்தளைச் சொம்பைக் கொடுத்துவிட்டு, அதிலேயே நேராகப் பீய்ச்சுவார். நுரை அடங்குவதற்குள் குடித்துவிட வேண்டும், நின்றபடி குடிக்க வேண்டும், நடுவில் மூச்சு விடக் கூடாது என்பது அவர் சட்டம். உடம்புச் சூட்டோடு, புல் வாசனையும் தோல் வாசனையுமாக அது தொண்டையில் இறங்கும். நான் குடித்து முடிக்கும்வரை அவர் எருமையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். தான் பெற்ற பிள்ளைக்கு ஊட்டுவது போல ஒரு பெருமை அவர் முகத்தில்.

அரை மணி நேரம் தாங்காது. வயிற்றுக்குள் யாரோ மேசை நாற்காலியை இழுத்துப் போடுவது போலச் சத்தம் வரும். வயிறு பலகை போல உப்பிக்கொள்ளும். பிறகு பொதுக் கழிப்பிடத்துக்கு ஓட்டம். காலை நேரத்தில் அங்கே எப்படி வரிசை இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் பார்த்ததும் வாளியோடு நிற்கும் பெரியவர்கள் ஒதுங்கி வழிவிடத் தொடங்கினார்கள். பயில்வான் வர்றான், விடுங்கப்பா என்பார்கள். தாலிமில் எனக்குக் கிடைக்காத மரியாதை அங்கே கிடைத்தது.

வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். கண் பட்டுவிட்டது என்று பக்கத்து வீட்டார் சொல்ல, அம்மா மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். பயிற்சிக்குப் பயந்துகொண்டு நான் நடிக்கிறேன் என்று அப்பா ஒரு வாரம் நினைத்தார். பிறந்த குழந்தையே பாலைத்தான் குடிக்கிறது, உனக்கு மட்டும் என்ன கேடு என்று கேட்டார். மாமா, பாலில் தண்ணீர் கலந்திருக்கும், ஆற்றுத் தண்ணீராக இருக்கும் என்று முடிவு செய்து நேராகக் கொட்டகைக்கே போய்விட்டார். கண்ணெதிரே சொம்பில் பீய்ச்சுகிற பாலில் எப்படித் தண்ணீர் கலக்க முடியும் என்று அவர் யோசிக்கவில்லை. கொட்டகைக்காரர் எருமையின் காம்பை விடாமலே இந்தியில் கேட்டார், உன் லேத்தில் தண்ணீர் ஊற்றுகிறாய் என்று நான் எப்போதாவது சொன்னேனா என்று. மாமா அசராமல், ஊற்றத்தான் செய்கிறோம், சூடு ஆறுவதற்கு என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் சண்டை தீர்ந்ததற்கு அடையாளமாக எனக்கு இன்னொரு அரைச் சொம்பு பீய்ச்சிக் கொடுத்தார்கள்.

அம்மா மட்டும் ஒரு தடவை சொன்னார். "அவனுக்கு ஒத்துக்கலண்ணா."

"ஒத்துக்க வெக்கணும்மா" என்றார் மாமா.

ராத்திரியில் அம்மா கேழ்வரகுக் களி கிளறி, வேர்க்கடலையும் வெல்லமும் வைத்துத் தருவார். அது எனக்கு அமுதம் போல வயிற்றில் உட்காரும். மாமா அதைப் பார்த்துவிட்டு, களி தின்றால் கூலிக்காரனுக்குப் பலம் வரும், பயில்வானுக்கு வராது என்று கேலி செய்தார். களி தின்றுதான் அப்பா நூறு கிலோ மூட்டையை முதுகில் ஏற்றுகிறார் என்பது அப்பாவுக்கே அப்போது தோன்றவில்லை.

இவ்வளவு பட்டும் நான் ஏன் குடித்துக்கொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். காரணம் டீ. எனக்குப் பால் வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டு டீயில் பால் நின்றுவிட்டது. மூட்டை தூக்கிவிட்டு வந்து அப்பா கறுப்பு டீயை டம்ளரில் சுழற்றிச் சுழற்றிக் குடிப்பார். இஞ்சி போட்டா இதுவே நல்லாத்தான் இருக்குது என்பார். அதைப் பார்த்த பிறகு எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வது?

உடம்பு என்ன ஆனது என்பதற்கு நீங்களே சாட்சி. என் பலம் வேகம்தான். குனிந்து பாய்ந்து எதிராளியின் கணுக்காலைப் பிடித்து இழுப்பேன். அந்தப் பிடியில் உங்களில் யாரும் என்னிடம் தப்பியது கிடையாது. மழைக்காலத்தில் உங்களில் இருக்கும் நெட்டையனை நான் நினைத்தபோதெல்லாம் கீழே போட்டேன். நவராத்திரி வந்தபோது அவன் என்னைப் போட ஆரம்பித்தான். உப்பின வயிற்றோடு குனிய முடியவில்லை. பாதிப் பிடியில் வயிறு கலங்கிவிடுமோ என்று பயந்து நானே கையை விட்டுவிடுவேன். எடை ஏறியது உண்மை, பலம் இறங்கியதும் உண்மை. வஸ்தாதிடம் சொன்னேன். அவர் என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்து, சதை பிடிக்கிறது பார், இன்னும் அரை லிட்டர் கூட்டு என்றார். நல்ல மனிதர். பாலில் குறை இருக்கலாம் என்று நினைக்கவே அவருக்கு மனம் வராது.

தேர்வு நாள். ஊருக்குள் ஒரு பள்ளி மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். காலையில் கொட்டகைச் சொம்பு முடிந்து, வழியில் பேருந்தை விட்டு ஒரு முறை இறங்கி ஓடி, பிறகு வந்து சேர்ந்திருந்தேன். தராசில் ஏறினேன். நாற்பத்து மூன்று கிலோ அறுநூறு கிராம்.

மேசையில் இருந்த தேர்வு அதிகாரி, எல்லோரும் சாகேப் என்றார்கள், பேனாவை நாற்பத்து நான்கு என்ற தாளின் மேல் கொண்டுபோனார். மாமா பதறி, ஒரு நிமிடம் சார் என்று அவர் கைக்குக் குறுக்கே கை நீட்டினார். அவர் இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். கொட்டகைக்காரர் கேனோடு வந்தது வேடிக்கை பார்க்க இல்லை. அரை லிட்டர் உள்ளே போனால் அரை கிலோ. அந்த ஒரு கணக்கில் மாமாவைத் தப்பு சொல்ல முடியாது. பத்து நிமிடத்தில் திரும்ப ஏறுங்கள் என்று சாகேப் ஒதுக்கி நிறுத்தினார். கொட்டகைக்காரர் கேனைத் திறந்து, மூடி நிறைய ஊற்றி நீட்டினார். அன்று கறந்த பால். வழியில் குலுங்கியதில் மேலே நுரை கட்டியிருந்தது.

நான் அந்தப் பக்கம் பார்த்தேன். நாற்பத்தெட்டுக் கிலோ வரிசையில் அந்த வருடமும் நாலே பேர்தான். ஒருவனுக்கு மீசை இருந்தது. இன்னொருவன் கழுத்து என் தொடை அளவுக்கு. மாமாவின் கணக்கில் அவர்கள் நாலு விரல்கள். என் கண்ணுக்கு நாலு ஆட்கள். இந்தப் பக்கம் நாற்பத்து நாலு வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. எல்லாம் என்னைப் போலவே விலா எலும்பு தெரிகிற பையன்கள். அவர்கள் கணுக்கால்களைப் பார்த்தேன். என் கைக்குள் அடங்கும்.

"வேணாம் மாமா" என்றேன்.

"இன்னா வேணாம்? மூச்ச புடிச்சிக்கினு குடி. பத்து நிமிசம்தான்."

நான் மேசைப் பக்கம் திரும்பி மராத்தியில், எல்லோருக்கும் கேட்கும்படி, பால் வேண்டாம், "தூத் நகோ" என்றேன். என்னை நாற்பத்து நான்கிலேயே எழுதிக்கொள்ளச் சொன்னேன். நீங்கள் ஐந்து பேரும் சிரித்தீர்கள். கொட்டகைக்காரரின் கை நீட்டியபடியே நின்றது. அவர் முகம் கறுத்துவிட்டது. ஊர் பார்க்கத் தன் எருமைப் பாலை ஒருவன் தள்ளியது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சாகேப், பையனின் அப்பா யார் என்று கேட்டார். அப்பா வகுப்பில் பையன்கள் தூக்குவது போலக் கையைத் தூக்கினார்.

"மாப்ள, நீ சொல்லு அவனுக்கு" என்றார் மாமா.

அதுவரை மாமா சொல்லி அப்பா மறுத்ததை நான் பார்த்ததே இல்லை. அம்மாவின் மூத்த அண்ணன்; பெண் கொடுத்தவர்; மெஷினைத் தொட்டவர். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. அங்கேயே, எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"அவ்ளோ பெரிய வரிசைல நிக்க முடியுமாடா உன்னால?"

"முடியும்பா."

"பால் குடிக்காம?"

"குடிச்சாத்தான் முடியாது."

அப்பா கொஞ்ச நேரம் என் வயிற்றைப் பார்த்தார். அத்தனை மாதத்தில் அதை அவர் அப்படிப் பார்த்தது அன்றுதான். பிறகு மாமாவிடம் சொன்னார். "மச்சான், கேன மூடச் சொல்லு."

அதன் பிறகு நடந்ததையும் நீங்கள் மாற்றிச் சொல்கிறீர்கள், அதனால் எழுதி வைக்கிறேன். மதியத்துக்குள் வயிறு காலியாகி உடம்பு லேசாகிவிட்டது. மூன்று பேரைக் கீழே போட்டேன், மூன்றும் அதே கணுக்கால் பிடி. நான்காவது ஆள் என்னைப் போட்டான். கோலாப்பூர் பக்கத்துப் பையன், என்னைவிட நல்ல ஆட்டக்காரன், அவ்வளவுதான் விஷயம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மறுபடி வென்றேன். எடுத்தது இரண்டு பேரை. ஒரே ஒரு இடம் பின்தங்கியதில் விடுதி போயிற்று. பாலால் அல்ல, பால் இல்லாததாலும் அல்ல. நாற்பத்தெட்டில் அந்த மீசைக்காரன் முதல் ஆளை ஒரு நிமிடம்கூட நிற்க விடவில்லை. விழுந்த பையனின் கழுத்தெலும்பு முறிந்து ஆட்டோவில் ஏற்றிப் போனார்கள். மாமாவின் கணக்குப்படி நடந்திருந்தால் அந்த ஆட்டோவில் யார் போயிருப்பார்கள் என்று உங்கள் குழுவில் யாராவது கேளுங்கள்.

மாமா எங்களோடு திரும்பி வரவில்லை. பேருந்தில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். எட்டு முடிந்ததும் போசரிதான் என்று எனக்குத் தெரியும். சிவாஜி நகர் தாண்டியதும் அப்பா கேட்டார்.

"இனிமே உனக்குப் பால் வாங்கப் போறதில்ல. மாசாமாசம் அந்தக் காசு மிச்சமாவுது இல்ல, அதுல ஒம்போதாவது படிக்க முடியுமா?"

நான் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். முடியும். புத்தகத்துக்கும் போக மீதம் வரும். அதைச் சொன்னதும் அவர், அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒன்பதாவது சேர்ந்தேன். பத்து, பன்னிரண்டு, டிகிரி எல்லாம் அந்த வழியில்தான் வந்தன. மாமா பொங்கல் வரைக்கும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வந்தபோதும் நாலு பேரில் இரண்டு பேர் என்று விரலை நீட்டினார். இன்றும் நீட்டுகிறார்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு டாக்டரிடம் இந்த வயிற்றுக் கதையைச் சொன்னேன். சிலர் உடம்புக்குப் பாலைச் செரிக்க முடியாது, நம் நாட்டில் நிறையப் பேர் அப்படித்தான், அது நோயும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்து, நீ அப்பவே சொன்ன என்றார். அம்மா, யார் கேட்டீங்க என்றார். அவ்வளவுதான் பேச்சு.

இனி மீதிக் கணக்கு. தேர்வு முடிந்த அடுத்த சனிக்கிழமை, மாருதி பூஜைக்கு எல்லோரும் தாலிமில் கூடியிருந்தோம். கொட்டகைக்காரர் வஸ்தாதிடம் முறையிட்டிருந்தார். பயில்வானுக்குப் பால் என்றால் சாமிக்குச் சமம், அதைச் சபையில் தள்ளியவன் தாலிம் முழுக்கத் தன் கையால் பால் ஊற்றித் தர வேண்டும், இல்லையென்றால் இனி இந்த மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று வஸ்தாத் தீர்ப்புச் சொன்னார். கால் வைக்கவில்லை, போகிறேன் என்றேன் நான். அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ ஏன்டா வெளிய போற? இன்னா தப்பு பண்ண? ஊத்துவோம். நல்லா குடிக்கட்டும்."

மறுநாளே ஊற்றினோம். அப்பா அண்டாவிலிருந்து மொண்டு கொடுக்க, நான் ஒவ்வொருவர் கையிலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரிய பயில்வான்கள், சின்னவர்கள், கூடத்தைப் பெருக்குகிறவர், எல்லோரும் குடித்தார்கள். நீங்கள் ஐந்து பேரும் ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தீர்கள். அதையும் மறந்திருப்பீர்கள். கடைசியில் வஸ்தாத், பிரசாதம் மாதிரி நீயும் ஒரு வாய் குடி, எல்லாம் சரியாகிவிடும் என்று அன்பாகத்தான் சொன்னார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கரண்டியை அண்டாவில் போட்டுவிட்டு நிமிர்ந்து நின்று, தனக்குத் தெரிந்த கொஞ்ச மராத்தியில் எனக்கு முன்னால் அவரே சொன்னார்: "நகோ."

எருமைப் பால் இருபத்தைந்து லிட்டர், அரை கிலோ பாதாம், மூன்று கிலோ சர்க்கரை. கொட்டகைக்காரர் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. அப்பாவும் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. மொத்தம் ஆயிரத்து ஐந்து ரூபாய்.